பட்டாவா, பத்திரமா? தமிழ்நாட்டில் மனைத் தரகுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

தரகு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் சில மாதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வாங்க வந்தவர் முன்னால் ஒரு சொல்லைச் சொல்லும்போது அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்த தகராறுகளில் பாதி, ஒரு காகிதத்தில் இல்லாததை இருப்பதாக யாரோ வாய்விட்டதில் தொடங்கியவைதான். இதில் சொல்லியிருப்பதெல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

பட்டாவும் பத்திரமும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டும் வேறு வேறு துறையின் காகிதங்கள். பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவது. யாரிடமிருந்து யாருக்குச் சொத்து கைமாறியது என்று அது சொல்லும். பட்டா வருவாய்த் துறை, அதாவது தாசில்தார் பக்கம். அரசாங்கக் கணக்கில் அந்த நிலம் யார் பெயரில் நிற்கிறது என்று அது சொல்லும். பட்டா மட்டும் உரிமைக்குச் சான்று ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. அதற்காகப் பட்டா இல்லாத இடத்தை எளிதாக விற்றுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். வங்கி முதலில் கேட்பதே அதைத்தான்.

"பட்டா இடம் சார்" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் "புறம்போக்கு இல்லை" என்பதுதான் பொருள். விற்பவர் பெயரில் பட்டா இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. அடுத்த கேள்வியை உடனே கேளுங்கள்: யார் பெயரில்? பல ஊர்களில் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். அல்லது எட்டுப் பேர் பெயர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். கூட்டுப் பட்டாவில் உங்கள் விற்பனையாளரின் பங்கு எந்த மூலையில் என்பது காகிதத்தில் தெரியாது. உட்பிரிவு செய்து தனிப் பட்டா ஆன பிறகுதான் அது தெரியும்.

சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் எதற்கு?

சிட்டா என்பது ஒருவருக்கு எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் என்ற கணக்கு. இப்போது பட்டாவும் சிட்டாவும் ஒரே தாளாக இணையத்தில் கிடைக்கின்றன. அடங்கல் என்ன பயிர், எந்தப் பசலியில் என்று சொல்வது. ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30 வரை ஒரு பசலி. விவசாய நிலம் விற்காதவருக்கு அடங்கல் அதிகம் தேவைப்படாது.

புது ஆட்கள் கண்டுகொள்ளாமல் விடுவது அ-பதிவேட்டை. சர்வே எண் வாரியாக நிலம் எந்த வகை, எவ்வளவு பரப்பு என்று அதில் இருக்கும். நன்செயா, புன்செயா, அரசுப் புறம்போக்கா என்பதை விற்பவர் வாயால் கேட்பதைவிட இதில் பார்ப்பது மேல்.

புலப்படம் அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம். இடம் காட்டப் போகும்போது கையில் இருக்க வேண்டியது இதுதான். வேலி எங்கே இருக்கிறது என்பதும் எல்லை எங்கே இருக்கிறது என்பதும் எப்போதும் ஒன்றாக இருக்காது. பத்திரத்தில் 'செக்குபந்தி' என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். நான்கு பக்கமும் யார் நிலம், எந்தத் தெரு என்ற எல்லை விவரம், அவ்வளவுதான். செக்குபந்தியில் "வடக்கே பொதுப் பாதை" என்று இருந்து, புலப்படத்தில் பாதையே இல்லையென்றால், நடையை அங்கேயே நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று. 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது, பேச்சில் யு.டி.ஆர். என்பார்கள். அப்போது பெயரும் பரப்பும் தவறாக ஏறிய இடங்கள் இன்றும் உண்டு. பத்திரம் சரியாக இருந்து பட்டா மட்டும் யாரோ பெயரில் இருந்தால், விற்பவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதைத் திருத்தத் தனி மனு, தனி அலைச்சல். அந்த நாட்களையும் சேர்த்துத்தான் வாங்குபவரிடம் காலம் சொல்ல வேண்டும்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. சொத்து சுத்தம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. வில்லங்கச் சான்று, நாம் சுருக்கமாக ஈ.சி. என்பது, பதிவு அலுவலகத்தில் பதிவான நடவடிக்கைகளின் பட்டியல். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கேட்டோமோ அந்தக் காலத்துக்கு மட்டும். கேட்ட சர்வே எண்ணுக்கு மட்டும். 1987-ல் சர்வே எண் 45 ஆக இருந்து பிறகு 45/2 ஆகி, அதற்கப்புறம் 45/2பி ஆன நிலத்துக்குக் கடைசி எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய அடமானம் கண்ணில் படாமலே போகலாம். எல்லாப் பழைய எண்களையும் போட்டுப் பாருங்கள்.

பதிவாகாத உயில், வாய்வழிக் குத்தகை, குடியிருப்பவரின் பிடிவாதம், வரி பாக்கி இவை எதுவும் அதில் வராது. நீதிமன்ற வழக்கும் எல்லா நேரத்திலும் வராது. வழக்கு நடக்கும்போது வாங்கினால் வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 52 அதைத்தான் சொல்கிறது.

நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை எடுத்த ஈ.சி.யில் அடமானம் எதுவும் இல்லை." நீளம்தான். ஆனால் பின்னால் யாரும் உங்கள் சட்டையைப் பிடிக்க முடியாது.

தாய்ப் பத்திரம் என்றால் எது? எத்தனை வருஷம் பின்னால் போக வேண்டும்?

இப்போதைய பத்திரத்துக்கு முந்தைய பத்திரம், அதற்கு முந்தையது என்று சங்கிலியாகப் போவதை மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம் என்கிறோம். வங்கிகள் பொதுவாக 30 ஆண்டுகளுக்குக் கேட்கும். அதற்கு முன்னாலும் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இடம் அடைக்காது.

அசல் பத்திரத்தைக் காட்டாமல் நகல் மட்டும் காட்டினால், முதலில் வர வேண்டிய சந்தேகம் அசல் எங்காவது கடனுக்காக இருக்கிறதா என்பது. தொலைந்துவிட்டது என்றால் காவல் நிலையப் புகார், 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு, இவை வேண்டும். "வீடு மாறும்போது தொலைஞ்சு போச்சு" என்ற ஒரு வரி போதாது.

கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை... குழப்பமாக இருக்கிறதே?

ஒரு குடும்பத்தை வைத்துப் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு விற்றால் கிரயப் பத்திரம். அப்பா மகளுக்குப் பணம் வாங்காமல் எழுதித் தந்தால் தான செட்டில்மென்ட். அண்ணன் தம்பிகள் பொதுச் சொத்தைப் பிரித்துக்கொண்டால் பாகப்பிரிவினை. ஒருவர் தன் பங்கை மற்ற பங்குதாரருக்கு விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம். இறந்த பிறகு நடைமுறைக்கு வருவது உயில். அதை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம், கிழித்தும் போடலாம். உயிரோடு இருப்பவரின் உயிலைக் காட்டி ஒருவர் சொத்து விற்க வந்தால் அவரிடம் விற்க எதுவும் இல்லை. பத்திரத்தில் சர்வே எண்ணோ பெயரோ தப்பாக விழுந்துவிட்டால் பிழைத்திருத்தல் பத்திரம் போடுவார்கள்.

தரகருக்கு இதில் உண்மையான வேலை, கையெழுத்து போட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது. பூர்வீகச் சொத்தில் மகள்களை விட்டுவிட்டு மகன்கள் மட்டும் விற்க வருவது இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு வந்துவிட்டது, அப்போது திருமணமாகாதவர்களுக்கு. 2005-ல் மத்திய அரசு செய்த திருத்தம் திருமணமானவர், ஆகாதவர் என்ற வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. "தங்கச்சிக்கு நகை போட்டாச்சு" என்பது விடுதலைப் பத்திரம் ஆகாது. பங்குதாரர்களில் மைனர் ஒருவர் தன் பெயரில் உள்ள சொத்தோடு இருந்தால், அதை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அம்மா கையெழுத்து மட்டும் போதாது. வாரிசுச் சான்றிதழை முதல் நாளே கேளுங்கள், கடைசி நாளில் கேட்டால் சண்டைதான்.

டோக்கன், அட்வான்ஸ், அக்ரிமென்ட் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

டோக்கன் என்பது "வேறு யாருக்கும் காட்டாதீர்கள்" என்று கொடுக்கும் சிறு தொகை. சட்டத்தில் அதற்கென்று தனி இடம் கிடையாது. ஆகவே, திருப்பித் தருவதா இல்லையா என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். என் ஆரம்ப காலத்தில் இதை எழுதி வாங்காததால், வாங்குபவரும் விற்பவரும் சமாதானமான பிறகும் என்னோடு மட்டும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்கள்.

அட்வான்ஸ், கிரய ஒப்பந்தத்தின்போது விலையில் ஒரு பகுதியாகக் கொடுப்பது. அக்ரிமென்ட் என்று நாம் சொல்லும் கிரய ஒப்பந்தத்தில் மொத்த விலை, கொடுத்த தொகை, மீதி எத்தனை மாதத்துக்குள், யார் தவறினால் என்ன என்பதெல்லாம் இருக்க வேண்டும். அக்ரிமென்ட் போட்டதால் சொத்து கைமாறிவிடாது. வாங்குபவருக்குக் கிடைப்பது, விற்பவரைக் கிரயம் செய்து தரச் சொல்லிக் கேட்கும் உரிமை. அதற்கு வழக்குப் போடக் காலவரம்பு 3 ஆண்டு.

2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பதிவு செய்தால் அது ஈ.சி.யில் ஏறும், அதே இடத்தை இன்னொருவருக்கு அக்ரிமென்ட் போட முயன்றால் தெரிந்துவிடும். செலவுக்குப் பயந்து இதைத் தவிர்க்கச் சொல்லும் தரகராக நீங்கள் இருக்காதீர்கள்.

அட்வான்ஸ் தொகையை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் விலையில் 1 சதவீதம் பிடித்து வருமான வரியாகக் கட்ட வேண்டும். இது பலருக்குப் பதிவு நாளன்றுதான் நினைவுக்கு வருகிறது.

பவர் வைத்திருப்பவரிடம் வாங்கலாமா?

பவர், அதாவது பொது அதிகார ஆவணம், இன்னொருவருக்காகச் செயல்படும் அனுமதி. பவர் வாங்கியவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பவரையே விற்பனை மாதிரி பயன்படுத்தும் பழக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் முற்றுப்புள்ளி வைத்தது. அதே நேரம், உண்மையான பவரை வைத்து உரிமையாளருக்காக முறையாகக் கிரயம் எழுதித் தருவதில் தவறில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் வேறு என்ன செய்வார்கள்? மூன்றைப் பாருங்கள்: பவரில் விற்கும் அதிகாரமும் பணம் வாங்கும் அதிகாரமும் எழுதியிருக்கிறதா, அது ரத்தாகிவிட்டதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா. பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றே முடிந்தது.

வழிகாட்டி மதிப்பு, சந்தை விலை: பதிவுச் செலவு எதன் மேல் வரும்?

வழிகாட்டி மதிப்பு அரசு தெருவாரியாக, சர்வே எண் வாரியாக நிர்ணயிப்பது. சந்தை விலை வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொண்டது. பத்திரத்தில் காட்டும் விலை வழிகாட்டி மதிப்பைவிட அதிகம் என்றால் அந்த விலைக்கே முத்திரைத் தீர்வை. குறைவு என்றால் வழிகாட்டி மதிப்புக்குக் கட்ட வேண்டியிருக்கும்.

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றியிருந்தார்கள். 2023-ல் மதிப்பைப் பழையபடி உயர்த்திக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். ஆக, 40 லட்ச ரூபாய் சொத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் தீர்வை, 80 ஆயிரம் கட்டணம், கூட்டினால் 3 லட்சத்து 60 ஆயிரம். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். விலைக்கு மட்டும் பணம் புரட்டி வைத்துவிட்டு, பதிவுச் செலவைக் கேட்டு முகம் மாறுபவர்கள் அதிகம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குக் கணக்கே வேறு: தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய், கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய்.

சென்ட், கிரவுண்டு, ஏர்: எதை எப்படி மாற்றுவது?

1 சென்ட் 435.6 சதுர அடி. 100 சென்ட் 1 ஏக்கர். 1 கிரவுண்டு 2,400 சதுர அடி, இது சென்னைப் பக்கத்து வழக்கு. சுமார் ஐந்தரை சென்ட். பட்டாவில் ஹெக்டேர்-ஏர் கணக்குதான் இருக்கும். 1 ஏர் சுமார் 2.47 சென்ட், 100 ஏர் 1 ஹெக்டேர். பட்டாவில் 0-4.50 என்று இருந்தால் அது நாலரை சென்ட் இல்லை, நாலரை ஏர். கிட்டத்தட்ட 11 சென்ட். இந்தத் தப்பைப் பண்ணாத புது ஆளை நான் பார்த்ததில்லை. குழி, மா போன்றவை ஊருக்கு ஊர் மாறும். தஞ்சைப் பக்கம் சொல்லும் மா ஏறத்தாழ 33 சென்ட். வேறு ஊரில் அதையே நம்பிப் பேசாதீர்கள், சதுர அடியில் கேட்டு எழுதுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் 1,200 சதுர அடி என்கிறார்கள், உள்ளே அவ்வளவு இல்லையே?

இருக்காது. விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப். மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு. கார்ப்பெட் பரப்பு என்பது சுவருக்குள் புழங்கும் இடம். உள்சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி சேராது. ரெரா, அதாவது வீடு-மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் சட்டப்படி புது வீட்டின் பரப்பைக் கார்ப்பெட் கணக்கில்தான் சொல்ல வேண்டும்.

யூ.டி.எஸ். என்பது அடியில் இருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் வயதாகும், நிலத்துக்கு விலை ஏறும். அதனால் பழைய அடுக்குமாடியில் பேரமே யூ.டி.எஸ். மேல்தான். இரண்டு வீடும் ஒரே அளவு, ஒரே விலை என்றாலும், ஒன்றுக்கு 600 சதுர அடி யூ.டி.எஸ்., இன்னொன்றுக்கு 350 என்றால் இரண்டும் ஒரே சரக்கு இல்லை.

'அப்ரூவ்டு மனை' என்றால் யார் தந்த அப்ரூவல்?

சென்னைப் பெருநகரப் பகுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும், மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. அனுமதி எண்ணைக் கேளுங்கள், அனுமதித்த வரைபடத்தைக் கேளுங்கள், அதில் உங்கள் மனை எண் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் பூங்கா என்று விட்ட இடத்தை மனையாக விற்றவர்களும் உண்டு.

அனுமதியில்லாத மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அதன் பிறகு, இப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த வந்த வரன்முறைத் திட்டத்தில் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளுக்கு வழி திறந்தார்கள். ஆகவே பழைய மனை கைக்கு வந்தால் "வரன்முறை ஆணை இருக்கிறதா?" என்பதுதான் கேள்வி.

புறம்போக்கு, நத்தம், பஞ்சமி?

புறம்போக்கு அரசு நிலம். ஓடை, வாய்க்கால், மேய்க்கால், பாதை என்று வகைகள் உண்டு. யார் எத்தனை ஆண்டு வேலி போட்டிருந்தாலும் தொடாதீர்கள். நத்தம் ஊர்க் குடியிருப்புப் பகுதி, அதில் பட்டா பெற்ற வீடுகள் விற்பனைக்கு வரும். பஞ்சமி நிலம், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹியர் தந்த அறிக்கையின் விளைவாக 1892-ல் பட்டியல் சாதி மக்களுக்காக ஒதுக்கத் தொடங்கிய நிலம். அவர்கள் அல்லாத பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. பேரம் மலிவாக இருக்கிறது, விற்பவர் அவசரப்படுகிறார் என்றால் இதையும் கோவில் நிலத்தையும் சோதித்துவிட்டு மறுபேச்சு பேசுங்கள்.

லீஸும் போக்கியமும் ஒன்றா?

பேச்சில் ஒன்றாகிவிட்டது. மொத்தத் தொகை கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்ப வாங்குவதை ஊரில் போக்கியம், ஒத்தி, லீஸ் என்று மூன்று பெயரிலும் சொல்வார்கள். சட்டத்தில் போக்கியம், ஒத்தி என்பது அடமானத்தில் ஒரு வகை, லீஸ் என்பது குத்தகை. எழுதும்போது எதை எழுதுகிறோம் என்பது முக்கியம். வாடகைக்கு என்றால், 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 11 மாத ஒப்பந்தம் என்றாலும் இதே கதைதான்.

எனக்கும் ரெரா பதிவு வேண்டுமா? கமிஷன் எப்படி?

புதுத் திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத் தருவதானால் வேண்டும். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது 8 வீட்டைத் தாண்டாத திட்டங்களுக்கு ரெரா பதிவில் விலக்கு உண்டு. மற்றவை பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அவற்றை விற்கும் தரகரும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்; பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அந்த வீடு அல்லது மனையின் விலையில் 5 சதவீதம் வரை ஏறும். தனியார் ஒருவர் தன் பழைய வீட்டை விற்பதில் இந்தக் கட்டாயம் வராது.

ஒன்றை மட்டும் கட்டுநர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒப்பந்தம் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. "இன்றே பாதி கட்டினால் விலை குறையும்" என்று உங்கள் வாயால் சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள்.

கமிஷன் பேச்சில் 'ஒரு சைடு', 'இரண்டு சைடு' என்றால் ஒருவரிடம் மட்டும் வாங்குவதா, இருவரிடமும் வாங்குவதா என்பது. எது என்றாலும் இருவருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். எத்தனை சதவீதம், எப்போது கைக்கு வரும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவர்கள் "சரி" என்று பதில் போட்ட பிறகு இடம் காட்டக் கிளம்புங்கள்.